கழற்றாத கயிறு

1

முகமூடி போட்டுக்கொண்டு தர்மத்தைக் காப்பாற்றும் வீரர்களின் கதைகளில் எனக்கு எந்த நாளும் ஈடுபாடு இருந்ததில்லை. அவை சிறுவர்களுக்கான சரக்கு, பெரியவர்கள் அவற்றில் லயிப்பது வயதுக்கு வர மறுப்பதன் அடையாளம் என்றே இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த அபிப்பிராயத்தை அடியோடு கைவிட்டுவிட்டதாக இப்போதும் சொல்ல முடியாது. ஆனால் என் பேத்தி பிடிவாதமாக உட்கார்த்தி வைத்துக் காட்டிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு பகுதி சில வாரங்களாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதித்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

தொடரின் பெயர் 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87இல் வெளிவந்த சித்திரக் கதையை மூலமாக வைத்து, அதன் கதைக்கு முன்னும் பின்னும் போய் டேமன் லிண்டலாஃப் உருவாக்கியது. அமெரிக்காவின் எச்.பி.ஓ. 2019இல் ஒளிபரப்பிற்று. மொத்தம் ஒன்பது பகுதிகள். நான் பேசப்போவது அந்த வருஷம் நவம்பர் 24ஆம் தேதி வெளியான ஆறாவது பகுதியைப் பற்றி. லிண்டலாஃபும் கார்ட் ஜெஃபர்ஸனும் சேர்ந்து எழுதியது, ஸ்டீஃபன் வில்லியம்ஸ் இயக்கியது. 2020இல் இந்தப் பகுதியின் எழுத்துக்கு எம்மி பரிசு கிடைத்தது. பரிசுகளை நாம் எப்படி மதிப்போம் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தகவலுக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபின் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் கயிற்றை அவர் ஏன் கழற்றவே இல்லை, தாத்தா?" நான் ஏதோ பதில் சொன்னேன். படிமம், குறியீடு என்ற வார்த்தைகள் அந்தப் பதிலில் இருந்தன. அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

2

கதையைத் தெரிந்துகொண்டால்தான் கேள்வி விளங்கும்.

மூரின் சித்திரக் கதையில் அமெரிக்காவின் முதல் முகமூடி வீரன் என்று ஒருவன் ஓரமாக வந்து போகிறான். தலை முழுவதும் மூடிய துணி, கழுத்தில் தூக்குக் கயிறு, அதன் நுனி மார்பில் தொங்கும். பெயர் ஹூடட் ஜஸ்டிஸ். முக்காடு போட்ட நீதி என்று வைத்துக்கொள்ளலாம். அவன் யார் என்பது அந்த நூலில் கடைசி வரை நிச்சயமாகச் சொல்லப்படுவதில்லை. ஜெர்மானிய சர்க்கஸ் பயில்வான் ஒருவனாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் மட்டும் உண்டு. முப்பது வருஷமாக அந்த உருவத்தைப் பார்த்த வாசகர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றையும் பார்த்தார்கள். குற்றவாளிகளைப் பயமுறுத்துவதற்கான வேஷம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்கள்.

இந்த ஆறாவது பகுதி கயிற்றின் பூர்வ கதையைச் சொல்கிறது. 2019இல் டல்ஸா நகரத்துப் போலீஸ்காரி ஆஞ்செலா ஏபார், தன் தாத்தா வில் ரீவ்ஸின் நினைவுகள் அடங்கிய மாத்திரைகளை ஒரு குப்பி முழுக்க விழுங்கிவிடுகிறாள். முதியவர்கள் தங்கள் கடந்த காலத்தைத் திரும்ப அனுபவித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டு, பிறகு தடை செய்யப்பட்ட மருந்து அது. பெயர் நாஸ்டால்ஜியா. தன் நினைவைத் தானே சாப்பிடலாம். அடுத்தவர் நினைவைச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மயங்கிக் கிடக்கும் ஆஞ்செலா 1938ஆம் வருஷத்து நியூயார்க்கில் தன் தாத்தாவாகக் கண் விழிக்கிறாள். இங்கிருந்து படம் கறுப்பு வெள்ளையாகிறது. சில கணங்களில் வில்லாக நடிக்கும் ஜோவன் அடெப்போ இருக்க வேண்டிய இடத்தில் ஆஞ்செலாவாக நடிக்கும் ரெஜினா கிங் நிற்கிறாள். அவன் உடுப்பில் அவள் முகம்.

வில் போலீஸில் சேர்கிறான். வரிசையாக எல்லோருக்கும் பாட்ஜ் குத்திக்கொண்டு வரும் வெள்ளை அதிகாரி இவனைத் தாண்டிப் போய்விடுகிறார். இவனுக்குக் குத்துகிறவர் ஸாமுவெல் பாட்டில். இவர் சரித்திர புருஷர். 1911இல் நியூயார்க் போலீஸில் சேர்ந்த முதல் கறுப்பர். குத்தும்போது அவர் காதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறார்: ஸைக்ளாப்ஸிடம் ஜாக்கிரதை. யூதர் ஒருவரின் கடைக்குத் தீ வைத்த வெள்ளையனை வில் கைது செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போகிறான். சற்று நேரத்துக்கெல்லாம் அவன் சுதந்திரமாக வெளியே உலவுகிறான். ஏன் என்று கேட்டதற்குப் பதில், கூட வேலை செய்யும் போலீஸ்காரர்கள் இரவில் வில்லைக் கடத்திக்கொண்டு போய், தலையில் துணியை மாட்டி, மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். உயிர் போவதற்குள் அறுத்து இறக்கிவிடுகிறார்கள். இது எச்சரிக்கை மட்டுமே. அடுத்த தடவை இறக்க மாட்டார்கள்.

கழுத்தில் கயிறும் கையில் அந்தத் துணியுமாக அவன் வீட்டுக்கு நடக்கிறான். வழியில் ஒரு சந்தில் ஒரு தம்பதியைச் சிலர் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். தன்னைக் கொல்ல மாட்டிய துணியில் கண்ணுக்கு ஓட்டை கிழித்துத் தானே மாட்டிக்கொண்டு பாய்கிறான். மறுநாள் ஊர் அவனைக் கொண்டாடுகிறது. அமெரிக்காவுக்கு முதல் முகமூடி வீரன் கிடைத்துவிட்டான்.

மனைவி ஜூன் பத்திரிகைக்காரி. நடப்பு தெரிந்தவள். பாட்ஜால் உனக்கு நியாயம் கிடைக்காது, இந்த முக்காட்டால் கிடைக்கலாம், ஆனால் உள்ளே இருப்பவன் தங்களில் ஒருவன் என்று ஊர் நம்ப வேண்டும் என்கிறாள். அவன் கண்ணைச் சுற்றி வெள்ளை மையைத் தீட்டிவிடுகிறாள். ஓட்டை வழியே தெரிவது வெள்ளைத் தோல்.

3

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் க்ளாக்கன் ஒரு கதை சொல்கிறான். லிடியா தேசத்து இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. திருப்பிப் போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடலாம். அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டை எடுத்துக்கொள்கிறான். யாரும் பார்க்க முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் எவன் யோக்கியனாக இருப்பான் என்பது க்ளாக்கனின் சவால். அதற்குப் பதில் சொல்லத்தான் ஸாக்ரடீஸ் மீதி நூல் முழுவதும் பேச வேண்டியிருக்கிறது.

முகமூடி வீரர் கதைகள் எல்லாமே ஒரு வகையில் இந்தச் சவாலுக்கு அமெரிக்கா சொன்ன அசட்டு நம்பிக்கையான பதில்தான். எங்கள் ஆள் மறைந்திருந்தாலும் நல்லதையே செய்வான் என்கிறார்கள். அந்த மறைவின் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்தால் அவ்வளவு நிம்மதியாக இருக்க முடியாது. அமெரிக்காவின் முதல் ஸூப்பர் ஹீரோ படம் என்று க்ரிஃபித்தின் 1915ஆம் வருஷத்து 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைச் சொல்ல இடமிருக்கிறது என்று ஒரு பேட்டியில் ஆலன் மூரே குறிப்பிட்டிருக்கிறார். அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு குதிரையில் வந்து 'நீதி' வழங்குகிறவர்கள் அந்தப் படத்தில் கூ க்ளக்ஸ் க்ளான்காரர்கள்.

இந்தப் பகுதி க்ளாக்கனின் கேள்வியை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுப்புகிறது. வில் வெளிப்படையாகவே நியாயம் செய்யப் பார்த்தவன். சிறுவனாக இருந்தபோது டல்ஸா தியேட்டரில் ஓர் ஊமைப் படத்தை வசனம் நெட்டுருவாகும் அளவுக்குப் பார்த்தவன். அதில் கறுப்பின மார்ஷல் பாஸ் ரீவ்ஸ் திருடனைப் பிடிக்கிறார். தூக்கில் போடு என்று கத்தும் கூட்டத்திடம் கும்பல் நீதி வேண்டாம், சட்டத்தை நம்புங்கள் என்கிறார். படம் கற்பனை, பாஸ் ரீவ்ஸ் உண்மையில் வாழ்ந்தவர், 1910இல் இறந்தவர். அவர் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு போலீஸில் சேர்ந்த மனிதனைத்தான் சட்டத்தின் உடுப்புப் போட்டவர்கள் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். முகம் தெரிய நின்றால் அவனால் நியாயம் செய்ய முடியாது. மறைந்தால் முடியும். அப்போதும் இன்னொருவனின் முகத்தைப் பூசிக்கொண்டால்தான் முடியும். க்ளாக்கனுக்கு இப்படி ஒரு மனிதனைக் கற்பனை செய்யத் தோன்றவில்லை. அவனும் மோதிரமே தேவைப்படாத வர்க்கத்தைச் சேர்ந்தவன்தானே.

தன்னை எப்போதும் அடுத்தவன் கண்ணால் பார்த்துக்கொள்ள நேரும் இரட்டைப் பிரக்ஞையைப் பற்றி டு பாய்ஸ் 1903இல் எழுதினார். வெள்ளை முகமூடியைப் பற்றி ஃபனான் 1952இல் எழுதினார். இந்தக் கருத்துக்கள் நமக்குப் புதியவை அல்ல. இங்கே அவை கருத்தாக வரவில்லை என்பதுதான் விசேஷம். ஒரு பெண் தன் புருஷனின் கண்ணைச் சுற்றி விரலால் மை தடவுகிறாள். அவன் இனி உலகத்தைப் பார்க்கப்போகும் ஓட்டைகளின் விளிம்பில் வெள்ளை அப்பியிருக்கிறது. பிரியத்தோடு செய்யப்படும் காரியம் அது. அதனால்தான் சகிக்க முடியவில்லை.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். அவன் தோலை மறைத்தான், குரலை மறைத்தான், பெயரை மறைத்தான். அவன் மேனியில் மறைக்காமல் விட்ட ஒரே உண்மை கயிறு. என்னை இப்படிச் செய்தார்கள் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சியம். அதை எல்லோரும் பார்க்கிறாற்போல் மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தான். ஒருவருக்கும் அது படிக்கத் தெரியவில்லை. சுவரொட்டியில் போட்டார்கள். பிற்காலத்தில் தொலைக்காட்சி நாடகம் எடுத்து அவனுக்கு வெள்ளைக்கார முகம் கொடுத்தார்கள். இந்தப் பகுதியே அந்தப் போலி நாடகத்தின் ஒரு காட்சியோடுதான் தொடங்குகிறது. காயம் அலங்காரமாகிவிட்டது. இதைச் செய்தவர்கள் கொலைகாரர்கள் அல்ல. கை தட்டியவர்கள். ரசிகர்கள்.

டைரக்டர் ஒரே ஓரிடத்தில் இந்த ரசனையிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறார். தூக்கிலிடும் காட்சியில் காமிராவைத் தலைமூடிக்கு உள்ளே கொண்டுபோய்விடுகிறார். துணியின் இடுக்கு வழியே மங்கலாகச் சில முகங்கள், கிளை, வானம், மூச்சுத் திணறும் ஓசை. கயிறு கண்ணில் படுவதில்லை. நாம்தான் அதற்குள் இருக்கிறோம். கயிறு அலங்காரமாகத் தெரியாத கணம் அது ஒன்றுதான். அடுத்த காட்சியில் நாம் வெளியே வந்துவிடுகிறோம். மறுபடி நன்றாகத் தெரிகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது.

4

சக வீரர்களின் கதி என்ன? முகமூடி வீரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பிக்கும் கேப்டன் மெட்ரோபோலிஸ் இவனைத் தேடி வருகிறான். இருவருக்கும் இடையே ரகசியமாக உடல் உறவும் உண்டாகிறது. அவனுக்கு இவன் யாரென்று தெரியும். இருந்தாலும் மற்றவர்கள் முன்னால் முக்காட்டை எடுத்துவிடாதே, அவர்கள் என்னைப்போலப் பெருந்தன்மை உள்ளவர்கள் அல்ல என்கிறான். ஸைக்ளாப்ஸ் என்பது போலீஸுக்குள்ளேயே வேரோடிய வெள்ளை வெறியர் சதி என்றும், சினிமாக் கொட்டகையில் படச் சுருளின் ஒளித் துடிப்பைக் கொண்டு கறுப்பர்களை மெஸ்மெரிஸம் செய்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வைக்கிறார்கள் என்றும் வில் கண்டுபிடித்துச் சொல்லி உதவி கேட்கும்போது, கறுப்பர் கலகத்தை நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போனில் பதில் வருகிறது. தழுவிக்கொள்ளத் தயாராக இருப்பவன் கூட நிற்கத் தயாராக இல்லை. முற்போக்கான நண்பர்களை அறிந்தவர்களுக்கு இந்த இடம் பரிச்சயமானதாக இருக்கும்.

வில் தனியாகப் போகிறான். அந்தச் சதிக் கிடங்கில் இருந்தவர்களைக் கொன்று தீ வைக்கிறான். மெஸ்மெரிஸக் கருவி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்கு வந்தால் சின்னஞ்சிறு மகன் கண்ணாடி முன் நின்று அப்பாவைப் போலவே கண்ணைச் சுற்றி வெள்ளை மை பூசிக்கொண்டிருக்கிறான். வில் பாய்ந்து பிடித்து, குழந்தை அலற அலற, அதைத் துடைக்கிறான். துடைப்பது அடிப்பது போலவே இருக்கிறது. ஜூன் மகனைக் கூட்டிக்கொண்டு டல்ஸாவுக்கே திரும்பிவிடுகிறாள். நீ கோபக்காரன் என்று தொடக்கத்தில் அவள் சொன்னபோது எனக்குக் கோபமில்லை என்று மறுத்தவன் அவன். உனக்குள் இருப்பதை இந்த முகமூடி தீர்த்துவிடும் என்று நினைத்தேன், அதற்குத் தீனிதான் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

டல்ஸா என்ற பெயரைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். 1921ஆம் வருஷம் மே 31, ஜூன் 1 தேதிகளில் அந்த ஊரின் க்ரீன்வுட் பகுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்திற்று. கறுப்பர்கள் உழைத்துச் செழித்திருந்த 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஓக்லஹாமா மாநிலம் இதை விசாரிக்கக் குழு அமைத்தது 1997இல். அறிக்கை வந்தது 2001இல். அதுவரை பள்ளிப் பாடத்தில் கூட அநேகமாக வராத சம்பவம். வில் அதிலிருந்து தப்பிய குழந்தை. ஜூன், அவன் வழியில் கண்டெடுத்த சிசு. கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுவே அந்த 1921ஆம் வருஷத்துத் துணுக்குகள் நிறத்தோடு வந்து மோதுகின்றன. அவனுக்கு மறக்காத நிறம் அதுதான். நடுவில் ஒரு காட்சியில், அப்போதுதான் வெளிவந்திருக்கும் ஸூப்பர்மேன் சித்திரக் கதையை ஒரு பத்திரிகைக் கடைக்காரர் அவனுக்கு விளக்குகிறார். அழியும் உலகத்திலிருந்து பெற்றோர் குழந்தையை மட்டும் தப்ப வைக்கிறார்கள். வில் முகத்தில் ஒரு சலனம். அது தன் கதை என்பது அவனுக்குத் தெரியும்.

5

நாஸ்டால்ஜியா என்ற அந்த மாத்திரை என்னை விடவில்லை.

இங்கே இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அறுபது வருஷமாக ஏதோ ஒரு விதத்தில் அந்த மாத்திரையைச் செய்துவருகிறவர்கள். கிராமம், ஆற்றங்கரை, பாட்டி, பாழடைந்த வீடு. அதை அனுபவத்தின் உண்மை என்று சொன்னோம். போலிக் கதைகளின் நடுவே அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அது அவரவர் நினைவு. அவரவரே விழுங்கிக்கொண்டோம். அதனால் யாருக்கும் ஆபத்து நேரவில்லை.

என் தாத்தா தஞ்சை ஜில்லாவில் ஒரு சிறிய மிராசுதார். கொல்லைப்புறத்தில் மாட்டுக்கொட்டில். அதன் எரவாணத்தில் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். பண்ணையில் வேலை செய்த பெரியவர் ஒருவர் தண்ணீர் குடிப்பது அதில்தான். குடித்துவிட்டுக் கழுவித் தானே செருகி வைப்பார். எனக்கு எட்டு வயது. நான் அவரை 'நீ' என்பேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. என்னைச் 'சின்ன ஆண்டே' என்பார். வீட்டில் அவரைக் கூப்பிட ஒரு குறுக்கப்பட்ட பெயர் இருந்தது. முழுப் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை.

1979இல் ஒரு கதை எழுதினேன். இப்போது நின்றுபோய்விட்ட ஒரு பத்திரிகையில் வந்தது. பாழடைந்த வீட்டுக்கு வெகு நாள் கழித்துத் திரும்பும் ஒருவன், மழை விட்ட இரவு, சரிந்த கூரை, அந்தக் கொட்டாங்கச்சியில் தேங்கிய நீரில் நிலவு கிடப்பதாக முடித்திருந்தேன். நண்பர்கள் அந்த முடிவைச் சிலாகித்தார்கள். தனிமையின் படிமம் என்று ஒருவர் எழுதினார். இன்மையின் பாத்திரம் என்று மற்றொருவர். எனக்குப் பெருமையாக இருந்தது. அது யாருடைய கொட்டாங்கச்சி என்று யாரும் கேட்கவில்லை. அவர்களை என்ன சொல்வது? எழுதிய எனக்கே அது தோன்றவில்லை. நிலவை வைத்தேன், ஆளை எடுத்துவிட்டேன்.

பேத்தியின் கேள்விக்குப் படிமம் என்று நான் சொன்ன பதில் என் வாயிலேயே புளித்துப் போனதன் காரணம் இதுதான். கயிற்றைக் கயிறாகப் பார்க்காதவர்கள் வரிசையில் எனக்கு நெடுநாளாகவே ஓர் இடம் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: வில் தன் காயத்தைத் தானே அணிந்திருந்தான். நான் அடுத்தவர் காயத்தை எடுத்து என் வாக்கியத்துக்கு அணிவித்தேன்.

6

பகுதியின் முடிவுதான் தார்மீக ரீதியில் சிக்கலானது.

2019இல் நூறு வயதைத் தாண்டிய வில், லூயி காஸெட் ஜூனியரின் முகத்தோடு, சக்கர நாற்காலியில் காத்திருக்கிறார். டல்ஸா போலீஸ் தலைவன் ஜட் க்ராஃபர்டை மறித்து, ஒரு டார்ச்சின் ஒளித் துடிப்பால் அவனைக் கட்டுப்படுத்துகிறார். அன்று கிடங்கிலிருந்து கொண்டுவந்த அதே வித்தை. உன் அலமாரியில் க்ளான் அங்கி இருக்கிறது என்கிறார். அது என் தாத்தாவுடையது, என் பாரம்பரியம், வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்கிறான் அவன். பெருமைப்படத்தக்க பாரம்பரியம் என்றால் ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டுவிட்டு, அவனையே அவன் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டு தொங்கச் செய்கிறார். ஜட், ஆஞ்செலாவின் நெருங்கிய நண்பன். இறந்தவனுக்காக அழுதவள்தான் இப்போது தாத்தாவின் நினைவுக்குள்ளிருந்து அந்தக் கொலையைத் தன் கையால் செய்ததாக அனுபவிக்கிறாள்.

இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோபம் நியாயமானது. தெரிந்துகொண்டது உண்மை. ஆனால் இந்தக் கருவி வேறு. கறுப்பர்களின் சித்தத்தைப் பறிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. கொல்லப்படுகிறவனிடமிருந்து சம்மதிக்கவோ மறுக்கவோ முடிகிற மனிதனை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கில் போடுகிறது. எதிரி எதைச் செய்தபோது அது மகா பாதகம் என்று தோன்றிற்றோ அதையே கைமாற்றி எடுத்துக்கொண்டால், எதிரி செத்தாலும் அவன் கண்டுபிடிப்பு ஜெயித்துவிடுகிறது. தியேட்டர் இருட்டில் பாஸ் ரீவ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு இது தெரியும். கிழவரான பின்னும் அவர் மறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். எழுதிய பத்தி எனக்கு ரொம்பச் சுலபமாக வந்திருந்தது.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி கூடக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். எனக்கு அப்போது பதினாறு வயது, அதே ஜில்லா. தாத்தா வீட்டுத் திண்ணையில் வந்து போனவர்கள் கொடியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் வெளியூர் ஆட்கள் வந்து கெடுப்பதைப் பற்றியும் பேசினார்கள். 44 என்ற எண்ணை அங்கே யாரும் உச்சரித்ததாக நினைவில்லை. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சட்டத்தை நம்புங்கள் என்ற பாஸ் ரீவ்ஸ் வசனத்தை அன்று நாகப்பட்டினம் தாலுகாவில் யார் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? நான் சொல்லியிருக்க முடியுமா?

காயம் பட்டவனிடம் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் குரல் அநேகமாக எப்போதும் காயப்படுத்திய வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வருகிறது. அதனால் அது பொய்யான குரல் என்று ஆகிவிடாது. அந்த டார்ச் தவறானது என்றே இப்போதும் நினைக்கிறேன். யார் சொல்கிறான் என்பதைப் பொறுத்து அது சரியாகிவிடாது. ஆனால் நியாயத் தீர்ப்புக்கு ஒரு முறை இருக்கிறது. ஜூன் சொல்லலாம், சொன்னாள், அதற்கு விலையும் கொடுத்தாள். ஆஞ்செலா சொல்லலாம், அந்த நினைவை விழுங்கி உயிருக்குப் போராடியவள். என் முறை வருவதற்கு முன்னால் எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஜட் க்ராஃபர்டின் அலமாரியைத் திறந்து காட்டியவுடன் நான் வில்லின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். கதை பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். தாத்தாவின் பொருள், என் பாரம்பரியம் என்று அவன் சொன்ன வார்த்தைகள் எனக்கு அந்நியமானவை அல்ல என்பதை ஒத்துக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

இதில் தொடருக்கும் ஒரு பங்கு உண்டு. டல்ஸா எரிந்ததைப் பணம் போட்டு எடுத்து விற்றிருக்கிறார்கள். பலர் அந்தச் சம்பவத்தைப் பற்றி முதல் தடவையாக இந்தத் தொடரின் மூலம்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். அது பெரிய காரியம். ஆனால் கயிறு எப்படி அலங்காரமாகிறது என்று சொல்லும் கதையே கயிற்றை மிக அழகாகப் படம் பிடித்திருக்கிறது. பார்த்து முடித்ததும் நான் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டேன். ஆஞ்செலாவுக்கு அந்த வசதி இல்லை. அவள் விழுங்கியது அவள் உடம்பில் இருக்கிறது. அடுத்தவர் நினைவைக் கலை நமக்குள் செலுத்திவிடும் என்பது நம்மில் பலருடைய விசுவாசம், என்னுடையதும்கூட. மாத்திரையைச் சப்பிப் பார்த்துத் துப்பிவிடவும் கலை நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

7

அவர் ஏன் கயிற்றைக் கழற்றவில்லை?

முதலில் நினைத்தேன், மறந்துவிடக் கூடாது என்பதற்காக. அது சரியாக இராது. கழுத்தில் அப்படி ஒரு தழும்பு இருப்பவனுக்கு ஞாபகப்படுத்த ஒரு பொருள் வேண்டியதில்லை. பிறகு நினைத்தேன், எதிரிகளைப் பயமுறுத்துவதற்காக. அது ஊர் சொன்ன காரணம். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்றைக்காவது பார்த்துவிட்டு, இது என்ன, யார் உன் கழுத்தில் போட்டார்கள் என்று கேட்பார் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பேர் பார்த்தார்கள்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொட்டாங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். அவள் அந்தக் கதையைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கே தாத்தா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு யாராவது இருக்காங்களா இப்போ?" என்றாள். தெரியாது என்றேன். விசாரித்தால் தெரியும், ஊரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் விசாரித்ததில்லை.

தொகுப்பின் அடுத்த பதிப்பில் அந்தக் கதையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கப்போவதில்லை. எடுத்தால் அது அங்கியை மடித்து அலமாரியில் உள்ளே தள்ளிப் பூட்டியதாகும். கதை அப்படியே இருக்கட்டும். அதன் கடைசி வரியைப் படிப்பவர்கள், அந்தக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் குடித்தது ஒரு பெரியவர் என்பதையும், அவரை எட்டு வயதில் 'நீ' என்று அழைத்தவன்தான் அதை எழுதினான் என்பதையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதினேன். ஊருக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் முழுப் பெயர் என்ன என்று கேட்டு.